பிஹெச் 5 தொங்கு விளக்கு: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

டென்மார்க்கைச் சேர்ந்த போல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்து, லூயி போல்சன் நிறுவனம் இன்றளவும் தயாரித்துவரும் பிஹெச் 5 விளக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். பெயரில் உள்ள எழுத்துகளும் எண்ணும் எவற்றைக் குறிக்கின்றன?

பதில்: வணக்கம். பிஹெச் என்பவை வடிவமைப்பாளர் பெயரின் முதலெழுத்துகள். டென்மார்க்கில் அவரையே அப்படித்தான் குறிப்பிடுவார்கள். 5 என்பது பெரிய ஷேடின், அதாவது பல்பை மறைக்கும் மூடியின், விட்டமான 50 சென்டிமீட்டரைச் சுட்டுகிறது.

கேள்வி: ஒரே ஒரு மூடி போதாதா? ஒன்றன்கீழ் ஒன்றாக இத்தனை ஷேடுகள் அழகுக்காகத்தானே?

பதில்: இல்லை. இந்த விளக்கில் அழகுக்கென்று தனியாகச் சேர்க்கப்பட்ட பாகம் ஒன்றுகூடக் கிடையாது என்பதே என் துணிபு. 1894-இல் பிறந்த ஹென்னிங்சன், மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர். மின்விளக்கு வந்தபின் வீடுகளில் வெளிச்சம் பெருகியபோது, கண்கூச்சமும் அதனுடன் சேர்ந்தே பெருகியது என்பது அவருடைய கவலை. 1925-இல் பாரிஸ் கண்காட்சியில் பாராட்டுப் பெற்ற விளக்கைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டிலேயே மூன்று ஷேடுகள் கொண்ட அமைப்பை அவர் உருவாக்கினார். அந்த ஷேடுகளின் வளைவு, நத்தை ஓடுபோல் மையத்திலிருந்து விரிந்துகொண்டே போகும் மடக்கைச் சுருளிலிருந்து பெறப்பட்டது. அச்சுருளின் மையத்தில் பல்பின் இழை (உள்ளே ஒளிரும் மெல்லிய கம்பி) இருந்தால், அங்கிருந்து புறப்படும் ஒளி ஷேடின் எந்த இடத்திலும் ஒரே கோணத்தில் விழும். ஆகவே பரப்பு முழுவதும் சீராகத் துலங்கும். ஒரு ஷேடு தடுத்து அனுப்பும் ஒளியை அடுத்த ஷேடு வாங்கிப் பரப்புவதால், மேசையருகே அமர்ந்திருப்பவருக்கு வெளிச்சம் கிடைக்கும், பல்பு மட்டும் கண்ணில் படாது.

கேள்வி: அவ்வளவு சிறப்பான அமைப்பு 1926-லேயே இருந்தபோது, 1958-இல் புதிதாக ஒன்று எதற்கு?

பதில்: மிக நல்ல கேள்வி. பழைய அமைப்பின் கணக்கு முழுவதும் இழை சரியான இடத்தில் இருப்பதைச் சார்ந்திருந்தது. பல்பு தயாரிப்பாளர்களோ பல்பின் வடிவத்தையும் அளவையும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இழை சற்று மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ, முப்பது ஆண்டு உழைப்பின் பயன் கெட்டுவிடும். இதில் சலிப்புற்ற ஹென்னிங்சன், எந்தப் பல்பைப் பொருத்தினாலும் அது நேராகக் கண்ணுக்குத் தெரியாதபடியும், ஒளி கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மென்மையாகப் பரவும்படியும் பிஹெச் 5-ஐ அமைத்தார். பிறர் செய்யும் மாற்றங்களைத் தாங்கி நிற்கும்படி ஒரு பொருளை வடிவமைத்த இந்தத் தொலைநோக்கைத்தான் அவருடைய சாதனைகளில் முதன்மையானதாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: வெளியே வெள்ளையாக இருக்கும் விளக்கின் உள்ளே சிவப்பும் நீலமும் பூசியிருப்பது ஏன்?

பதில்: விளக்குக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சிவப்பு பூசிய சிறு கூம்பு தெரியும், நீலமும் உட்பகுதியிலேயே அடங்கியிருக்கும். மனிதக் கண் மஞ்சள், பச்சை ஒளியை எளிதில் உணரும். நிறமாலையின் இரு முனைகளான சிவப்பையும் நீலத்தையும் அவ்வளவு எளிதில் உணராது. எனவே அவ்விரு முனைகளையும் சற்றுத் தூக்கிக் காட்டினால் ஒளியின் நிறம் இதமாகும் என்பது ஹென்னிங்சனின் எண்ணம். விளைவு நுட்பமானதுதான்; வண்ண விளக்கு எரிவதுபோல் மேசை மாறிவிடாது.

கேள்வி: போர்க்காலத்திலும் அவர் விளக்குகளைச் செய்தாரா?

பதில்: செய்தார். இரண்டாம் உலகப் போரில், டென்மார்க் மீதான ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, இரவில் வெளிச்சம் வெளியே தெரியாதபடி மறைக்கும் இருட்டடிப்பு நடைமுறையில் இருந்ததால், கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவுக்காக, வானிலிருந்து பார்த்தால் தெரியாத, ஆனால் தரையில் நடப்பவருக்கு உதவும் விளக்கை வடிவமைத்தார். ஒளி எங்கே போகக்கூடாது என்பதை முதலில் தீர்மானிக்கும் அதே சிந்தனைதான் அது. 1943-இல் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சனும் அவரும் ஒரே படகில் ஸ்வீடனுக்குத் தப்பிச் சென்றார்கள்.

கேள்வி: இலைகளை அடுக்கியதுபோல் தோன்றும் ஆர்ட்டிசோக் விளக்கும் ஹென்னிங்சனுடையதுதானே? இரண்டில் எது உயர்ந்தது?

பதில்: இவருடையதுதான், அதுவும் 1958-இல், கோபன்ஹேகனின் லாங்கெலினி பவிலியன் உணவகத்துக்காக உருவானது. 12 அடுக்குகளில் 72 இலைகள் பல்பை மறைக்கின்றன. பெரிய கூடத்துக்கு அதற்கு ஈடில்லை. ஆயினும், குடும்பம் கூடி உண்ணும் சாதாரண மேசைக்கென்று சிந்தித்துச் செய்யப்பட்ட பிஹெச் 5-ஐயே நான் ஒருபடி மேலே வைப்பேன்.

கேள்வி: இன்றைய எல்.இ.டி. பல்பை இதில் பொருத்தலாமா? எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் சில எல்.இ.டி. பல்புகள் ஒரே திசையில் மட்டும் ஒளியை வீசும். அவற்றைப் போட்டால் ஷேடுகளில் பாதி இருண்டுகிடக்கும். எல்லாப் பக்கமும் ஒளிரும் பல்பாக, 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவிலான மஞ்சள் கலந்த வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள். விளக்கின் கீழ்விளிம்பு மேசைப் பலகையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். தலையில் இடிக்குமோ என்று அஞ்சிக் கூரையோடு ஒட்ட மாட்டிவிடாதீர்கள். அடியில் மேசை இருக்கும்வரை அங்கே யாரும் நடக்கப்போவதில்லை.