கடலடியில் படம் எடுக்க எந்த லைட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோப்ரோ வைத்திருக்கிறேன். '10,000 லூமன்' (வெளிச்சத்தின் அளவு) என்று போட்ட டைவிங் லைட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். எத்தனை பாட்டரி என்று முதலில் பாருங்கள். 10,000 லூமனுக்கு எப்படியும் 80 வாட்டுக்கு மேல் தேவை. இந்த லைட்டுகளில் போடும் உருளை வடிவ லித்தியம் பாட்டரியான ஒரு 18650 செல்லில் இருப்பதோ 12, 13 வாட்-மணிதான். ஒரே செல்லில் ஓடும் லைட் என்றால் பத்து நிமிடம்கூட அந்த வெளிச்சத்தைத் தர முடியாது.

உண்மையான 2,000 லூமன் இருந்தால் போதும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நன்றாக எடுக்கலாம். அதைவிட முக்கியம், ஒளி விரியும் கோணம். வீடியோவுக்கு 100 டிகிரிக்குக் குறையக் கூடாது. சாதாரண டைவ் டார்ச் 10, 15 டிகிரிக்குள் குவிந்து, படத்தின் நடுவில் வெள்ளை வட்டமாக விழும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; அது 90-க்கு மேல் இருந்தால் நிறம் பொய் சொல்லாது.

லைட் போட்டும் மீன்கள் நீலமாகவே விழுகின்றன. இன்னும் பெரிய லைட் வேண்டுமா?

பெரிய லைட் வேண்டாம், இன்னும் கிட்டே போங்கள். சிவப்பைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும். முதல் ஐந்து மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. நாம் ஆழத்தை மட்டும் கணக்கில் வைக்கிறோம். லைட்டிலிருந்து மீனுக்குப் போய், திரும்பிக் கேமராவுக்கு வரும் தூரமும் அதே தண்ணீர்தான். மீன் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், லைட்டின் ஒளி நான்கு மீட்டர் நீரைக் கடக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் மீன் மேல் விழும் ஒளி நான்கு மடங்குக்கும் மேல் கூடும். இதற்குப் பைசா செலவில்லை.

சிவப்பு ஃபில்டரையும் லைட்டையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. கிட்டே இருப்பதெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஃபில்டர் என்பது, லைட் இல்லாமல் வெயில் வெளிச்சத்தில் எடுப்பதற்கு.

புதுச்சேரியில் டைவ் செய்கிறேன். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். லைட் கோளாறா?

லைட்டில் கோளாறு இல்லை, அதை வைத்த இடம்தான் தவறு. மழையில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டினால் எதிரே துளிகள்தானே மின்னும்? கலங்கிய நீரில் மிதக்கும் துகள்களும் அப்படித்தான். லென்ஸை ஒட்டியே லைட் இருந்தால் ஒளி நேரே துகளில் பட்டுத் திரும்பும். லைட்டை ஒரு கையின் நீளத்துக்காவது பக்கவாட்டில் தள்ளி, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மட்டும் பொருளைத் தொட்டால் போதும். இரண்டாவது லைட் வாங்குவதற்கு முன், கேமராவைப் பொருத்தும் ஒரு நல்ல ட்ரேயும், லைட்டைத் தள்ளிப் பிடிக்கும் ஆர்மும் வாங்குங்கள் என்பேன். அங்கே நீர் கலங்கிய நாட்களில் அகலமான காட்சியை விட்டுவிட்டுச் சின்ன உயிர்களைத் தேடுவதே நல்லது.

சிங்கப்பூரில் ஒலிம்பஸ் டி.ஜி. (TG) கேமரா வைத்திருக்கிறேன். ஸ்ட்ரோபா (நீருக்கடியில் பயன்படும் தனி ஃபிளாஷ்), வீடியோ லைட்டா?

புகைப்படம் மட்டும் என்றால், பழைய ஸ்ட்ரோப் ஒன்று தேடுங்கள். கண்ணிமைப்பதற்குள் அது கொட்டும் ஒளியை இந்த விலையில் எந்த வீடியோ லைட்டும் தராது. ஓடும் மீனும் தெளிவாக நிற்கும். கேமராவின் சொந்த ஃபிளாஷே ஒரு ஃபைபர் கேபிள் வழியாக அதை இயக்கும். (கோப்ரோவில் ஃபிளாஷ் இல்லை, அதற்கு ஸ்ட்ரோப் வீண்.) வாங்கும்போது பாட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வீடியோவும் வேண்டும் என்றால் லைட்டே சரி. உங்கள் ஊர் புலாவ் ஹந்து தீவின் கடல் நத்தைகள் எங்கும் ஓடிவிடாது. ஆனால் ஒரே உயிரின் மேல் நிமிடக்கணக்கில் ஒளியைப் பாய்ச்சாதீர்கள், பாவம்.

நிலாவெளி புறாத்தீவில் ஸ்நோர்கல் மட்டும்தான். என்ன லைட் வாங்கட்டும்?

ஒன்றும் வேண்டாம். அந்த ஆழமில்லாத நீரில் சிவப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பவளப்பாறை மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

விமானத்தில் லைட்டின் பாட்டரியை எப்படிக் கொண்டு போவது?

உதிரி லித்தியம் பாட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை டேப்பால் மூடி. 18650 செல், வழக்கமான 100 வாட்-மணி வரம்புக்கு வெகு கீழே. லைட்டுக்குள் இருப்பதையும் கழற்றிவிடுங்கள். பைக்குள் லைட் தானாக எரிந்தால், குளிர்விக்க நீர் இல்லாமல் அபாயமாகச் சூடாகும்.