பதில்: கடுங்குளிரில் பைனாகுலர் மங்குவதும் பேட்டரி தீர்வதும்

வணக்கம். ஜனவரியில் குழுவாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள சாக்ஸ்-ஜிம் சதுப்புக்காட்டுக்குச் செல்லவிருப்பதாகவும், சென்ற முறை பைனாகுலர் மங்கி, கேமரா பேட்டரியும் விரைவில் தீர்ந்ததால் பெரும் சாம்பல் ஆந்தையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

மங்கலுக்குப் பெரும்பாலும் வண்டியின் ஹீட்டரே காரணம். வெளியில் மைனஸ் 25 டிகிரியில் குளிர்ந்த பைனாகுலர் கண்ணாடி, வண்டிக்குள் பலருடைய மூச்சின் ஈரம் நிறைந்த வெப்பக் காற்றைத் தொட்டதும் நீர் படிகிறது. மீண்டும் இறங்கியவுடன் அது உறைந்துவிடுகிறது. ஆகவே ஹீட்டரைக் குறைத்து வைக்கும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கருவிகளைப் பின்பெட்டியில் குளிராகவே விட்டுவிடுங்கள். விடுதிக்குள் கொண்டுபோகும்போது மட்டும், வெளியிலேயே காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும். பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடற்சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; குளிரில் தீர்ந்ததாகத் தோன்றுவது சூடானதும் ஓரளவு மீளும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். அந்த ஆந்தை பனிக்கடியில் ஓடும் எலியைக் காதால் கேட்டே பிடிக்கிறது என்பதால், நிறுத்தியதும் எஞ்சினை அணைத்து, பேச்சைத் தவிர்த்து, கதவுகளை மெல்லச் சாத்துமாறு குழுவினர் அனைவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.