கணக்கு டீச்சர் பதில்கள்: ஒற்றை இழைக் கோலத்தின் கணக்கு

(ஹட்டனில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: என் தம்பி போனில் ஒரு பன்னம் இலையைக் காட்டினான். போட்டோவும் இல்லையாம், கையால் கீறியதும் இல்லையாம், நாலு வரிக் கணக்கில் வந்ததாம். என்னை ஏமாற்றுகிறானா, டீச்சர்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஏமாற்றவில்லை, மகள். அது 'பார்ன்ஸ்லி பன்னம்'. கணிதவியலாளர் மைக்கேல் பார்ன்ஸ்லி 1988இல் வெளியிட்ட புத்தகத்தால் உலகமெங்கும் பரவியது. வேலை இவ்வளவுதான்: தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதை அடுத்து எங்கே நகர்த்துவது என்பதற்கு நான்கு விதிகள். எந்த விதி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், ஆனால் சீட்டுகள் சமமில்லை. நூறில் 85 சீட்டு ஒரே விதிக்கு: புள்ளியைக் கொஞ்சம் சுருக்கு, துளி திருப்பு, மேலே தூக்கு. இடப்பக்கச் சிற்றிலைக்கு 7, வலப்பக்கத்துக்கு 7, மிச்சம் இருக்கும் ஒன்று காம்புக்கு. போய் நின்ற இடத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து மறுபடி சீட்டு. முதல் நூறு புள்ளியில் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் ஹக்கல பூங்காவில் பார்த்த பன்னமே திரையில் நிற்கும். ஒரு சிற்றிலையைப் பெருப்பித்துப் பார்த்தால் அதிலும் முழு இலையின் வடிவம் இருக்கும்.

சீட்டின் பங்கை விட்டால் முழு இலையும், விதிக்கு ஆறாக, 24 எண்களுக்குள் அடக்கம். தம்பியிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அந்த 85 சீட்டு விதியில் 0.04 என்றும் −0.04 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பூச்சியமாக்கட்டும். இலை வளைவை விட்டுவிட்டு அடிமட்டம் வைத்துக் கீறியது போல விறைத்து நிற்கும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் பார்க்க மனம் வராது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த எண் 0.04தான். அதை வைத்தது சீட்டு இல்லை, ஒரு மனிதருடைய கண்.

கேள்வி: பொங்கலுக்கு லயத்து வாசலில் கம்பிக் கோலம் போடுவேன். சில புள்ளிக்கு ஒரே இழையில் முடிந்துவிடுகிறது. சிலதுக்கு என்ன செய்தாலும் நடுவில் கையை எடுக்க வேண்டி வருகிறது. என் கையில் பிழையா?
– வாசகி, நோர்வூட்

பதில்: கையில் பிழையே இல்லை, அக்கா. புள்ளிக் கணக்கு அப்படி. இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னைக் கதிரையை விட்டு எழும்பவைத்தது உங்களுடையதுதான்.

நேர்ப்புள்ளியாக, நீள்சதுரமாக வையுங்கள். இழை சாய்வாகவே ஓட வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் இழை இழையை வெட்டிப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். இந்த ஒழுங்கில் போட்டால் எத்தனை தனி இழை வரும்? அகலத்துப் புள்ளி எண்ணிக்கைக்கும் உயரத்துப் புள்ளி எண்ணிக்கைக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை! பள்ளிக்கூடத்தில் பொ.கா.பெ. என்று சுருக்கிப் படித்தோமே, அதேதான். மூன்றுக்கு நாலு வைத்தால் பொ.கா.பெ. 1, ஒரே இழையில் முடியும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு இழை. நாலுக்கு நாலு வைத்தீர்களோ, நாலு இழைக்குக் குறையாது. சந்தேகமென்றால் இரண்டுக்கு இரண்டு வைத்துப் பாருங்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வளையம் வரும்.

நாலுக்கு நாலையும் ஒரே இழையாக்க வழி இருக்கிறது. இரண்டு வேறு இழைகள் வெட்டும் இடமொன்றில் அவற்றை வெட்டவிடாமல் ஆளுக்கொரு பக்கமாக வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படி மூன்று இடத்தில் செய்தால் நாலு இழையும் ஒன்று. ஆனால் கண்ட இடத்தில் திருப்பினால் கோலம் கோணிவிடும். நாலு பக்கமும் ஒத்துப்போகிற மாதிரி இடம் பார்ப்பதில்தான் கோலக்காரியின் கெட்டித்தனம், அதைப் பொ.கா.பெ. சொல்லித் தராது.

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருதிவாசனுடனும் சேர்ந்து 1974இலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதினார். சொற்களைச் சேர்த்து வாக்கியம் ஆக்க விதி இருப்பது போல, சின்னச் சின்ன உருக்களைச் சேர்த்துக் கோலம் ஆக்க விதி. கணினி அறிவியல் ஆய்விதழ்களில் நம் வாசல் கோலம் இடம்பிடித்தது அப்படித்தான். அடுத்த பொங்கலுக்கு யாராவது "இதெல்லாம் பொம்பிளைகள் பொழுதுபோக்கு" என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

கேள்வி: நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கொம்பியூட்டர் கீறுகிற படத்தில் மனிதனுடைய வேலை எங்கே? அதையும் கலை என்பீர்களா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உங்களுக்கு முன்னமே ஜெர்மனியில் இதைக் கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள், தம்பி. 1965 பெப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நகரில் கியோர்க் நேஸ் கொம்பியூட்டரால் கீறிய படங்களைக் காட்சிக்கு வைத்தார். வந்திருந்த ஓவியர்களுக்குக் கோபம். பேராசிரியர் மக்ஸ் பென்ஸே இதைச் 'செயற்கைக் கலை' என்று வைத்துக்கொள்வோமே என்று சமாதானம் சொன்னாராம். அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டவர்களாவது நேராகப் பேசினார்கள்.

நேஸ் பிறகு செய்த ஒரு படத்தைப் பாருங்கள். அகலத்துக்கு 12, உயரத்துக்கு 22 என்று சதுரங்கள். மேல் வரிசை ஒழுங்காக நிற்கிறது. கீழே வரவர ஒவ்வொரு சதுரமும் எழுமாறாகத் திரும்பி, நகர்ந்து, கடைசி வரிசைகளில் சல்லிக்கல்லைக் கொட்டியதாகச் சிதறிக் கிடக்கிறது. எந்தச் சதுரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நேஸுக்கே தெரியாது. ஆனால் குழப்பம் எந்த வேகத்தில் கூட வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். அது கூடிப்போனால் படம் வெறும் குப்பை, குறைந்தால் வெறும் வலை.

வேரா மோல்னாரையும் சொல்ல வேண்டும். புடாபெஸ்ட்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கொம்பியூட்டர் கைக்கு வருமுன்பே விதி எழுதி வைத்துக்கொண்டு, 'கற்பனை இயந்திரம்' என்று பெயரிட்டு, கையாலேயே படிப்படியாக வரைந்தவர். 1968இல் உண்மையான இயந்திரத்துக்கு மாறி, 2023இல் தன் 99ஆவது வயதில் இறந்தார். விதியை எழுதவும் தெரிய வேண்டும், வந்து விழும் நூறு படத்தில் எதை வைத்துக்கொண்டு எதைக் கிழிப்பது என்றும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நான் கலைஞர் என்பேன். பட்டனை அமத்திவிட்டு வந்ததையெல்லாம் போடுகிறவரை அப்படிச் சொல்ல மாட்டேன். போனில் சுற்றுகிற நிறநிறமான சுழல் படங்களில் முக்கால்வாசி எனக்கு அலுப்புத்தான்.

டிஜிட்டல் பேனர் வந்து உங்கள் தொழிலைக் கெடுத்த வழக்கை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு நியாயம், அதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: நம்ம மலைகளையும் இப்படிக் கணக்கில் செய்யலாமா?
– மாணவன், தலவாக்கலை

பதில்: செய்யலாம். ஒரு முக்கோணத்தை எடு. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் எழுமாறாகக் கொஞ்சம் உயர்த்து, அல்லது இறக்கு. அந்தப் புள்ளிகளைச் சேர், நாலு சின்ன முக்கோணம் வரும். அவற்றிலும் அதையே செய், உயர்த்துவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போ. போயிங் கம்பனியில் வேலை செய்த லோரன் கார்பென்டர் 1980இல் இந்த வழியில் மலைகள் செய்து சின்னப் படமாகக் காட்டினார், பிறகு சினிமாவுக்கே போய்விட்டார்.

ஆனால் அந்த மலைகளில் மழை பெய்ததில்லை. ஓடை அரித்த பள்ளம் இருக்காது, தண்ணீர் போன தடம் இருக்காது. அதற்கு மழையை ஓடவிட்டு மண்ணைக் கரைக்கும் இன்னொரு கணக்கு வேண்டும். தேயிலை சுலபம். பல மலைகளில் நிரைகள் சமவுயரக் கோட்டை ஒட்டி நட்டவை. புவியியல் பாடத்தில் படித்த கோடுகளையே போட்டு, கோட்டின் மேல் பச்சையாகப் புள்ளி வை.

கேள்வி: இதற்கெல்லாம் விலை கூடிய மென்பொருள் வேண்டுமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வேண்டாம். கணக்கை விதியாக எழுதிக் கொடுத்தால் படமாகக் கீறிக் காட்டும் மென்பொருள் 'புரொசெசிங்'. கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கியது, இலவசம்.

கேள்வி: ஏ.எல்.லில் சிக்கலெண் பாடம் எதற்கு, டீச்சர்? பாஸ் பண்ணினால் காணும் எனக்கு.
– மாணவி, ஹப்புத்தளை

பதில்: பாஸ் பண்ணத்தான் சொல்கிறேன், இதைச் செய். பூச்சியத்தில் தொடங்கு. கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி, நீ தெரிவு செய்த ஓர் எண்ணைக் கூட்டு. விடையை மறுபடி வர்க்கமாக்கி அதே எண்ணைக் கூட்டு. தெரிவு செய்த எண் 1 என்றால் 1, 2, 5, 26 என்று பிய்த்துக்கொண்டு ஓடும். −1 என்றால் −1, 0, −1, 0 என்று அங்கேயே நிற்கும். −1இன் வர்க்கமூலமும் கலந்து வரும் எண்தான் சிக்கலெண்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உள்ள தாள்தான் சிக்கலெண் தளம். ஓடாமல் நிற்கிற எண்களையெல்லாம் அந்தத் தளத்தில் கறுப்பாக்கினால் வருவதுதான் மாண்டல்ப்ரோ கணம். 1980இல் பெனுவா மாண்டல்ப்ரோ ஐ.பி.எம். கொம்பியூட்டரில் அதைப் பார்த்தார். அதன் ஓரத்தை எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் புதுசு புதுசாக வளைவு வந்துகொண்டே இருக்கும்.

இப்போது −1இன் வர்க்கமூலத்தை நீ தெரிவு செய்த எண்ணாக வை. ஓடுமா, நிற்குமா? நாலைந்து படியில் விளங்கிவிடும். செய்கையோடு எழுதி அனுப்பு, விடை மட்டும் வந்தால் புள்ளி தர மாட்டேன்.