புல்லாவை நாயகனாக வைக்கலாமா?

கேள்வி: ரோமானியப் பேரரசின் கொள்ளையர்களை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். புல்லா என்ற கொள்ளைத் தலைவனைப் பற்றிக் கிடைக்கும் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: தாராளமாக நாயகனாக வையுங்கள். ஆனால் அவனை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளலாக்கிவிடாதீர்கள். மூலத்தில் அப்படி இல்லை.

அவன் கதையைச் சொல்பவர் அதே காலத்தில் வாழ்ந்த செனட்டர் காசியஸ் டியோ. பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில் சுமார் 600 பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் இத்தாலியையே ஆட்டிவைத்தான் புல்லா. பிடிபட்டவர்களிடம் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவான். கைவினைஞர்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்து வேலை வாங்கி, அன்பளிப்போடு அனுப்புவான். கடைசியில் அவன் சிக்கியபோது, "ஏன் கொள்ளைக்காரன் ஆனாய்?" என்று கேட்டார் மெய்க்காவல் படைத் தலைவர் பாபினியன். "நீ ஏன் படைத்தலைவன் ஆனாய்?" என்றான்.

இந்தப் பதிலை நான் அப்படியே நம்பமாட்டேன். 'நீயும் நானும் ஒன்றுதான்' என்று அலெக்சாண்டரை ஒரு கடற்கொள்ளையன் இதே பாணியில் மடக்கிய கதை, கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்தாளர் சிசரோவின் காலத்திலேயே வழங்கியது. உள்நாட்டுப் போரில் ஜெயித்து அரியணை ஏறியவர் செவரஸ். அவரும் பறித்துக்கொண்டவர்தான் என்று குத்திக்காட்ட டியோவுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன்.

அதே டியோ போகிறபோக்கில் சொல்லிச் செல்பவைதான் உங்களுக்குப் புதையல். புல்லாவின் கூட்டத்தில், பேரரசரின் வீட்டில் வேலைசெய்தும் கூலி சரியாகக் கிடைக்காத முன்னாள் அடிமைகள் இருந்தார்கள். "அடிமைகளுக்குச் சோறு போடுங்கள், கொள்ளையடிக்க வரமாட்டார்கள்" என்று எஜமானர்களுக்குச் சொல்லி அனுப்பினான் புல்லா. அப்புறம், கி.பி. 193இல் செவரஸ் பழைய மெய்க்காவல் படையைக் கலைத்துவிட்டு எல்லைப் படைகளிலிருந்து ஆள் எடுத்தார். பட்டாளத்துக்குப் போயிருக்க வேண்டிய இத்தாலிய இளைஞர்கள் கொள்ளைக்கும் கிளாடியேட்டர் சண்டைக்கும் போனார்கள் என்று டியோவே வருந்துகிறார். உங்கள் பாத்திரங்களை இந்த ஆட்களிடமிருந்து உருவாக்குங்கள்.

கொள்ளையர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று பார்க்க, 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிய 'பொற்கழுதை' நாவலைப் படியுங்கள். அதிலும் குகையில் கூடும் கூட்டம், அடிமைபோல் வாழ்வதைவிட இது மேல் என்று பலர் தங்களிடம் வரக்கூடும் என்றே பேசிக்கொள்கிறது. ஆனால் அதுவும் படித்த பணக்காரர் ஒருவரின் கற்பனைதான்.

முடிவில் பெரிய போர் எதையும் வைக்காதீர்கள். காதலி வழியாகக் காட்டிக்கொடுக்கப்பட்டு, குகையில் தூங்கும்போது பிடிபட்டான் புல்லா. விலங்குகளுக்கு இரையாக்கினார்கள். கூட்டம் தானாகக் கலைந்துபோனது.