மிளகாய்க் குருத்து சுருட்டல்: இமிடாகுளோபிரிட் கேட்காததற்குக் காரணம்

வணக்கம் சார். மிளகாய்ச் செடியில் இலை கீழ்நோக்கிக் கவிழ்கிறது, காம்பு நீள்கிறது, இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை என்கிறீர்கள். இது முரணைச் சிலந்தி போலத்தான் இருக்கிறது, அதாவது வலை பின்னும் சிலந்தி இல்லை, செடியைத் தாக்கும் நுண்சிலந்தி (மைட்). இலைப்பேன் (திரிப்ஸ் என்ற சிறு பூச்சி) என்றால் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கும்.

அடிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நுனிக் குருத்தைக் கிள்ளி, பின்பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்குச் சிக்காது. வெளிர்மஞ்சளாக, பளபளவென்று ஊரும். முட்டையின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இமிடாகுளோபிரிட் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது, சிலந்திக்கு வேலை செய்யாது. சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று சிலந்தியைப் பெருக்கியும் விடும். தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் இதே காரணத்தால் இப்போது வேண்டாம்.

தாக்குதல் ஆரம்பம் என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்), லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம், மாலை வேளையில். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். தாக்குதல் முற்றியிருந்தால் சிலந்திக்கொல்லி மருந்தான புரோபர்கைட் 57 ஈசி (தண்ணீரில் கலக்கும் திரவ மருந்து), லிட்டருக்கு 2.5 மில்லி. அடுத்த முறை ஸ்பைரோமெசிஃபென் மாதிரி வேறு வகைச் சிலந்திக்கொல்லிக்கு மாறுங்கள். மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் விட்டுக் காய் பறிக்க வேண்டும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியம், விசைத்தெளிப்பான் நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடித்து இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். சுருண்ட பழைய இலை விரியாது. அப்புறம் வரும் புதுத் துளிரை வைத்துத்தான் பலனைக் கணிக்க வேண்டும்.