சாலையில் கிறிஸ்தவ அன்பைக் காட்டுவது நடக்கிற காரியமா?

கேள்வி: நம்ம ஊர் ரோட்டில் மற்ற ஓட்டுநர்களிடம் கிறிஸ்தவப் பண்போடு நடந்துகொள்ள முடியுமா? விட்டுக்கொடுக்கிறவனை ஏமாளியாகத்தானே பார்க்கிறார்கள்?

முடியும். நான் மார்த்தாண்டம் – நாகர்கோவில் ரோட்டில் தினமும் கார் ஓட்டிப் போகிறவன். அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் கடையும் வீடும் ஒட்டி நிற்கும், அதற்குள்தான் கல் ஏற்றிய டாரஸ் லாரி, கேரளா பஸ், டூ வீலர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் போக வேண்டும். சர்ச்சுகளுக்கும் குறைவில்லை, பின்கண்ணாடியில் வசனம் ஒட்டிய வண்டிகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து கைகொடுத்துப் பேசிவிட்டு வந்தவர்களே கேட்டுக்கு வெளியே ஒருவர் பின்னால் ஒருவர் ஹார்ன் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சர்ச்சுக்குள் எல்லாருக்கும் நம் முகம் தெரியும், நாம் யார் மகன், யார் மருமகள் என்று தெரியும். ரோட்டில் எதிரே வருகிறவரை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவரிடம் எப்படி நடக்கிறோமோ அதுதான் நம்முடைய நிஜம் என்று நான் நம்புகிறேன்.

சகோதரனை 'மூடனே' என்று சொல்வதைக்கூட இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் பாருங்கள் (மத்தேயு 5:22). கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து திட்டினால் வெளியே கேட்காதுதான், பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இரவில் எதிரே வண்டி வந்தால் லைட்டை டிம் பண்ணுங்கள், அவர் பண்ணாவிட்டாலும் நீங்கள் பண்ணுங்கள். கோபத்தில் நாமும் ஹை பீம் போட்டால் கண் கூசிய இரண்டு பேர் எதிரெதிரே வருகிறோம், அடிபடப்போவது ஓரமாக நடந்து போகிறவர். அடுத்தது, வழிவிடுவதிலும் யோசனை வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்கர சாலையில் வேகமாக வந்து, நல்லெண்ணத்தில் சட்டென்று பிரேக் போட்டு ஒரு பாட்டியைக் கடக்கச் சொல்லிக் கை காட்டினால், நம் காருக்குப் பக்கத்தில் வருகிற பைக்காரருக்குப் பாட்டி தெரியவே மாட்டார். முதலில் கண்ணாடியைப் பாருங்கள், முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள், பக்கத்து வண்டிகளும் நின்ற பிறகுதான் கை காட்டுங்கள். நம்ம ஊரில் லைட்டை மின்னினால் பெரும்பாலும் 'நான் வருகிறேன், நில்' என்றுதான் அர்த்தம், ஆகவே வழிவிட லைட் அடிக்காதீர்கள்.

2007 ஜூனில் கத்தோலிக்கத் தலைமையகமான வத்திக்கான் சாலைப் பயணத்துக்கென்றே ஒரு வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது, அதில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. நான் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபைக்காரன், ஆனாலும் அந்தப் பத்தும் எனக்குப் பிடிக்கும். முதல் கட்டளை 'கொலை செய்யாதே'. இன்னொன்று, காரை அதிகாரத்தைக் காட்டும் கருவியாக்காதே என்கிறது. ஒன்பதாவது, சாலையில் பலவீனமானவரைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களைக் கண்டால் நம்மவர்கள் வேகத்தைக் குறைத்து விலகிப் போவார்கள். பழனிக்கும் சமயபுரத்துக்கும் நடக்கிறவர்களுக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டும், காதருகே ஹார்ன் அடித்துப் பதறவைக்கக் கூடாது. இயேசு சொன்ன உவமையில், கள்ளர் அடித்துப்போட்டுவிட்டுப் போனவனுக்கு நல்ல சமாரியன் உதவினானே, அதுவும் தன் இனத்தானுக்கு அல்லவே.

அந்த உவமையே ஒரு ரோட்டில்தான் நடக்கிறது, எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி. ஆசாரியனும், ஆலயப் பணி செய்கிற லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். விபத்தைப் பார்த்தும் நாம் நிற்காமல் போவதற்குப் போலீஸ், கோர்ட் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இனி வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது, பெயர் விலாசம் கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, வரம்புக்குட்பட்ட செலவை அரசு ஏற்கும். 108-க்குப் போன் பண்ணிவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம் அந்த ஏமாளிப் பேச்சு. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரை இடப்பக்கம் ஒதுங்கிப் போகவிட்டால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று நான் யோசிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்க்கொண்டிருக்கலாம். சும்மா அவசரக்காரராகவே இருந்தாலும், அவர் பின்னால் இருப்பதைவிட முன்னால் போய்விடுவதுதான் என் காரில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு.