ஐந்தாவது கம்பி வேண்டுமா? வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாடுபவருக்கு ஏற்றபடி கீபோர்டு அண்ணன் கடைசி நேரத்தில் சுருதியை மாற்றிவிடுவார், எனக்குத் திண்டாட்டம். ஐந்து கம்பி இருந்தால் சுலபம் என்கிறார்கள். கையில் 30 ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது. அந்த விலையில் வாங்கினால் காசு வீணா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வீணே இல்லை, தைரியமாக வாங்குங்கள். நாலு கம்பியில் அடியில் கிடைப்பது ஈ (E) என்ற ஸ்வரம், நம் கணக்கில் மூன்று கட்டை. பாட்டை இரண்டு கட்டைக்கோ ஒன்றரைக்கோ இறக்கிவிட்டால், அந்தச் சுருதியின் சட்ஜத்துக்கு நீங்கள் மேலே ஏறித்தான் போக வேண்டும், அங்கே ஏற்கெனவே கீபோர்டின் இடது கை உட்கார்ந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஐந்தாவதாக வரும் பி (B) கம்பியில் டி, அதாவது இரண்டு கட்டை, மூன்றாவது ஃபிரெட்டில் (நெக்கில் விரல் வைக்கும் கட்டம்) இருக்கிறது, ஒரு கட்டையான சி முதல் ஃபிரெட்டில். பாட்டுக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

ஆனால் இறங்கிப் போவதைவிடப் பெரிய லாபம் வேறு. பி கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் அதே ஈ இருக்கிறது இல்லையா, அங்கே கையை வைத்துக்கொண்டால் அதிகம் நகராமலே இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வாசிக்கலாம், அதுவும் திறந்த கம்பி, அதாவது விரலால் அழுத்தாத கம்பி, எதையும் தொடாமல். திறந்த கம்பி இல்லாவிட்டால் அரைக் கட்டை ஏற்றுவது என்பது கையை ஒரு ஃபிரெட் தள்ளி வைப்பது, அவ்வளவுதான். கீபோர்டு அண்ணன் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குகிற மாதிரியே நீங்களும் மாறிவிடலாம்.

இனி விலை. மலிவான பேஸ்களில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி), மரம் எல்லாம் சர்ச்சுக்கும் லைட் மியூசிக் மேடைக்கும் போதுமானவைதான். வித்தியாசம் தெரிவது பி கம்பியில் மட்டும். அதனால் கடையில் மற்றதைப் பிறகு பாருங்கள், முதலில் திறந்த ஈ கம்பியை வாசியுங்கள், உடனே பி கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் அதே ஈ-யை வாசியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தில், ஒரே நீளத்துக்கு ஒலித்தால் நல்ல பேஸ். பி பக்கம் மொத்தென்று விழுந்து உடனே அடங்கிவிட்டால், கம்பி பழசா என்று கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த பீஸை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே மாடலில்கூட ஒன்றுக்கு ஒன்று மாறும். பிறகு ஸ்ட்ராப் மாட்டி நின்று, இடது கையை எடுத்துப் பாருங்கள், தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால் இரண்டு மணி நேர ஆராதனையில் தோள் போய்விடும். நெக்கின் ஓரமாக உள்ளங்கையால் தடவினால் ஃபிரெட் முனை குத்துகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இபானெஸின் ஜியோ வரிசையில் ஜிஎஸ்ஆர் 205-ஐப் பாருங்கள். பழையது பரவாயில்லை என்றால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 305 கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், எனக்கு அதன் நெக் ரொம்பப் பிடிக்கும். எதை வாங்கினாலும் இருப்பதையெல்லாம் கடையிலேயே கொடுத்துவிடாதீர்கள், புது கம்பிக்கும் நல்ல கைக்காரரிடம் செட்டப் செய்யவும் (கம்பியின் உயரம், நெக் எல்லாம் சரிபார்க்கவும்) கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பி தொளதொளவென்று இருந்தால் 125-க்குப் பதில் இன்னும் தடித்த 130 அளவு கம்பி போடுங்கள், இழுவிசை கூடும். தடித்த கம்பி நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் அதைக் கைக்காரரே அராவிக் கொடுக்கட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் உட்படக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.

கேள்வி: போன மாதம் ஐந்து கம்பி வாங்கினேன். மற்ற கம்பிகளை வாசிக்கும்போது பி தானாக அதிர்ந்து ஹூம் என்று பின்னால் ஓடுகிறது. பேஸில் கோளாறா?
– வாசகர், மதுரை

பதில்: கோளாறு இல்லை, எல்லா ஐந்து கம்பியிலும் இது உண்டு. பி தடித்த கம்பி, பக்கத்தில் எது அதிர்ந்தாலும் கூடவே அதிரும். வலது கட்டைவிரலை பிக்கப் மேலேயே ஊன்றி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஈ வாசிக்கும்போது கட்டைவிரல் பி மேல் படுத்திருக்கட்டும், ஏ-க்குப் போனால் ஈ மேல் நகரட்டும், அதன் பக்கவாட்டு பி-யையும் தொட்டுக்கொண்டிருக்கும். டி, ஜி வரைக்கும் இப்படியே விரல் கூடவே போக வேண்டும். தினமும் கொஞ்ச நேரம், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-இல் வைத்து, ஆம்பில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் ஹூம் காதில் விழாது, பயிற்சியும் பலிக்காது. ஐந்து கம்பிக்காரரின் உண்மையான வேலை இப்படி வாசிக்காத கம்பிகளை அடக்குவதுதான், நோட்டு வாசிப்பது பிறகு.

கேள்வி: என்னிடம் இருப்பது 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப். பி கம்பி கேட்கவே இல்லை. நண்பரின் பெரிய லீட் கிட்டார் ஆம்பில் போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: சத்தமாகப் போடாதீர்கள், அந்த ஸ்பீக்கர் கிழிந்துவிடலாம். பி-யின் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ், ஈ-யே 41 தான். சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது, அதிலிருந்து நமக்குக் கேட்பது மேலே பிறக்கும் துணை அதிர்வுகள் மட்டுமே. எனவே பேஸ் குமிழைக் கூட்டாமல் மிட் (நடு ஒலி) பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், நோட்டு தெளிவாகும். வீட்டில் ஹெட்போன் போதும். மேடையில் டிஐ பாக்ஸ் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, சப் ஊஃபர் இருக்கிறதா என்று சவுண்டு அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஸே இனிமேல்தான் கற்கப் போகிறேன். நேராக ஐந்து கம்பியில் ஆரம்பிக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக. நெக் கொஞ்சம் அகலம், சில வாரத்தில் கை பழகிவிடும். கடையில் சிறிது நேரம் வாசித்துப் பார்த்து மணிக்கட்டு வலிக்காத நெக்காகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
– வாசகர், கோவை

பதில்: கேபிளைச் சொருகியபடியே ஸ்டாண்டில் வைக்கிறீர்களா? பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் உள்ளே இருக்கும்வரை சர்க்யூட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசித்ததும் பிடுங்கிவிடுங்கள். பையில் எப்போதும் ஒரு புது 9 வோல்ட் பேட்டரியும் கிடக்கட்டும்.